துடைக்காத திராட்சை

என் கணவர் திராட்சையைத் துடைக்கும் அழகைப் பார்த்தால் யாரும் மயங்கிப்போவார்கள். வெள்ளவத்தையில் காலி வீதியோரம் எங்கள் பழக்கடை. காலையில் திறந்ததும் ஈரத்துணியால் ஒவ்வொரு குலையையும் துடைத்துப் பளபளவென்று அடுக்கிவிடுவார். துடைக்காவிட்டால், மேலே இருக்கும் வெள்ளைப் பூச்சைப் பார்த்து "மருந்தடிச்ச பழம்" என்று சனம் முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விடும்.

அந்தத் திராட்சை யாழ்ப்பாணத்தில் என் அண்ணாவின் தோட்டத்திலிருந்து வருவது. லொறியில் வந்திறங்கி மூன்றாம் நாளே காம்படியில் சாம்பல் பூஞ்சணம் பிடித்துவிடும். போன வருடம் ஒருநாள் இவர் பெட்டியோடு தூக்கிக் குப்பையில் கொட்டினார். "இனி உம்மட அண்ணாட்ட எடுக்கேலாது. வெளிநாட்டுப் பழம் போடப்போறன்" என்றார். அண்ணாவிடம் சொன்னேன். "அப்ப திராட்சைப் பந்தலைப் பிரிச்சிட்டு பப்பாசி வைக்கிறன், தங்கச்சி" என்று மட்டும் சொன்னார். கோபித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இரண்டு பேரிடமும் ஒரு மாதம் பொறுக்கச் சொல்லிக் கெஞ்சினேன்.

நான் களனிப் பக்கம் ஓர் உணவு ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். பறித்த பழங்களுக்குப் புற ஊதாக் கதிர் காட்டும் பெட்டி ஒன்று அங்கே இருக்கிறது. அளவாகக் காட்டினால் தோலின் மேலிருக்கும் பூஞ்சண வித்துகள் செத்துவிடும். பழமும் தன் பாட்டில் கொஞ்சம் எதிர்ப்பைக் கூட்டிக்கொள்ளும். பொறுப்பாளரிடம் அனுமதி வாங்கி, இவர் கையால் தந்த ஒரு பெட்டிப் பழத்தில் பாதியைக் கதிரில் வைத்தேன், மற்றப் பாதியைச் சும்மா வைத்தேன்.

நான்காம் நாள் திறந்தால் இரண்டு பாதியும் ஒரே கோலம். தோல் வெடித்து, சாறு ஒழுகி, சாம்பல் பூத்து... எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்று வீட்டில் சாப்பிடாமல் குந்தியிருந்தேன். இவர் மெல்லப் பக்கத்தில் வந்தார்.

"நான் துடைச்சுத்தானே தந்தனான்?"

"என்ன செய்தனீங்கள்?"

"சோதனைக்குப் போற பழமெண்டு வழமையிலும் வடிவாத் துடைச்சனான்."

கடவுளே! அந்த வெள்ளை மருந்தல்ல, திராட்சை தானே தன்மேல் பூசிக்கொள்ளும் மெழுகு. அதை உரித்து, தோலில் கீறலும் போட்டு, காம்படியில் ஈரத்தையும் விட்டால் எந்த விளக்கு என்ன செய்யும்? கீறலுக்குள் போன பூஞ்சணத்தை மேலே படும் கதிர் எட்டாது. "அது பழத்தின்ர சட்டையெல்லோ! நீங்களும் உங்கட துணியும்!" என்று நான் போட்ட சத்தத்தில் மேல்மாடிக்காரர் எட்டிப்பார்த்தார். பிறகு என்மேலேயே கோபம் வந்தது. எத்தனை வருடமாக அந்தத் துடைப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்! ஒருநாளாவது வாய் திறந்தேனா?

அடுத்த பெட்டியை விடியவே லொறியடியில் நானே வாங்கினேன். இவர் கை பட விடவில்லை. கதிர் விழாத பக்கம் தப்பிவிடும் என்பதால் ஒவ்வொரு குலையையும் திருப்பித் திருப்பி வைத்தேன். பேராசை பிடித்து இரண்டு குலையைக் கூடுதல் நேரம் வைக்க, அவற்றின் காம்பு பழுப்பாகிப்போனது. மற்றவை எட்டாம் நாளும் பச்சைக் காம்போடு கல்லுப்போல இருந்தன. ஒப்பிட்டுப் பார்க்கக் கதிர் காட்டாமல் வைத்தவற்றில் அங்கங்கே பூஞ்சணம். ஒன்றை வாயில் போட்டேன், அதே இனிப்பு. வாராவாரம் ஒரு பெட்டியைச் சோதிக்கப் பொறுப்பாளரும் சம்மதித்தார்.

அந்தக் குலைகளைத் துடைக்காமலே கடையில் தொங்கவிட்டோம். வழக்கமாக வரும் அன்ரி ஒருவர் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"என்ன தம்பி, வெள்ளையாக் கிடக்கு? மருந்தோ?"

இவர் கை துணியை எடுத்தது. எடுத்த துணியை என் பக்கம் எறிந்துவிட்டு, "இல்லை அன்ரி, அது பழத்தின்ர சட்டை. சாப்பிடேக்க மட்டும் கழுவுங்கோ" என்றார். என் சொல்லை என் முன்னாலேயே விற்றார், மனுசன்! அன்ரி ஒரு குலையை எடுத்துக்கொண்டு போனார்.

இவர் உடனே அண்ணாவுக்குப் போன் எடுத்து, எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"மச்சான், பந்தலைப் பிரிச்சிட்டீங்களோ?"

"ஒரு பக்கக் கம்பியைத்தான் கழட்டினனான்."

"அதைத் திருப்பிக் கட்டுங்கோ."

"இண்டைக்கே கட்டுறன்" என்றார் அண்ணா. எனக்குக் கண்ணைத் துடைக்க அந்தத் துணிதான் கையில் இருந்தது.