நெத்தலிப் பாஸ்தாவில் மிளகாய்த்தூள்

இத்தாலிக்குப் போகும்போது காற்சட்டைப் பைக்குள் மிளகாய்த்தூள் கொண்டுபோனவன் நான். அதுவும், எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்ச் சாப்பாட்டை அப்படியே சாப்பிடவேண்டும் என்று மெல்பேர்ணில் எல்லோருக்கும் பிரசங்கம் செய்துவிட்டு.

கடலோர மலைப்பாதையில் மூன்று மணி நேரம் நடந்து, அடுத்த கிராமத்துச் சாப்பாட்டுக் கடையொன்றில் நானும் மனைவியும் உட்கார்ந்தோம். சமைப்பதும் பரிமாறுவதும் ஒரே அம்மாதான். நெத்தலி போட்ட பாஸ்தாவை வைத்துவிட்டு அவர் திரும்பியதும் பொட்டலத்தைப் பிரித்துத் தூவினேன்.

"என்னப்பா செய்யிறியள்? அந்த மனிசி பாக்குது!" என்றாள் மனைவி.

அந்த அம்மா கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவரோ தன் சமையலில்தான் பிழை என்று நினைத்து, முகம் வாடி, "சாரி, சாரி" என்றபடி தட்டை எடுத்துப்போய்ப் புதிதாகச் சமைத்து வந்தார். பிழை என்னுடையது என்று சைகையிலாவது சொல்லியிருக்கலாம். மொழி தெரியாததை வசதியாகப் பிடித்துக்கொண்டு, தலை நிமிராமல் தட்டை வழித்துச் சாப்பிட்டேன்.

வெளியே வந்து பாதி மேடு ஏறியபிறகுதான் மனைவி வாயைத் திறந்தாள்.

"நீங்கள் கொண்டுவந்தது எங்கட வீட்டுக் குசினி அலுமாரியில பின்னுக்குக் கிடந்த பழைய தூளப்பா. உறைப்பே இல்லை. சும்மா நிறத்துக்காக அந்த மனிசியைக் கவலைப்படுத்திப்போட்டியள்."