வாரேனுங்க மேம்

எங்கள் கல்லூரிக்குப் போர்ட்டல் வந்தபோது எனக்கு வந்தது எரிச்சல்தான். இருபத்தாறு வருடமாக சாக்பீஸ் பிடித்த கை இது. இனிமேல் பாடத்தை வீடியோவாக எடுத்துப் போர்ட்டலில் ஏற்றிவிட வேண்டும், பிள்ளைகள் அதை முந்தின நாளே பார்த்துவிட்டு வருவார்கள், வகுப்பில் கணக்கு மட்டும் போட்டால் போதும் என்றார் முதல்வர். "அப்போ நான் எதுக்கு சார்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

புதுச்சத்திரத்துக்குக் கொஞ்சம் தள்ளி, நெடுஞ்சாலையை ஒட்டினாற்போல் இருக்கிறது கல்லூரி. நான் பி.காம். முதலாண்டுக்கு வணிகக் கணிதம் எடுக்கிறேன். பாதிப் பேர் பிளஸ் டூவில் கணக்கே படிக்காமல் வந்தவர்கள். கேமராவைப் பார்த்ததும் எனக்கு நாக்கு விறைத்துக்கொள்ளும். லாரி ஹாரன் கேட்கக் கூடாது என்று கதவு ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, செய்தி வாசிக்கிறவள் மாதிரி பேசிப் பதிவு செய்தேன்.

போர்ட்டலில் இன்னொரு சங்கதியும் இருந்தது. எந்தப் பிள்ளை வீடியோவை எவ்வளவு நேரம் பார்த்தது, எந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டியது என்று வரைபடம் போட்டுக் காட்டிவிடும். முழுதாகப் பார்த்தால் பெயருக்கு நேரே பச்சை, பார்க்காவிட்டால் சிவப்பு. நான் அதற்குக் கோள்மூட்டி என்று பெயர் வைத்திருந்தேன். ஆனால் கோள் கேட்கிற ருசி எனக்கும் சீக்கிரம் பிடித்துப்போனது.

நேரியல் திட்டமிடல் பாடம் ஏற்றிய மறுநாள், ஒரு புதன்கிழமை, வகுப்பில் அந்த வரைபடத்தைத் திரையில் போட்டேன். ஏறக்குறைய எல்லாருக்கும் பச்சை. ஒருத்தியின் வரி மட்டும் சிவப்பு, அதில் ஏழாவது நிமிடத்தில் ஒரு பெரிய மேடு. அந்த ஒரு நிமிடத்தைப் பத்தொன்பது தடவை ஓட்டியிருக்கிறாள். எடப்பாடிப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற பெண். வாய் திறக்கவே மாட்டாள்.

"என்ன, வீடியோவை ஓடவிட்டுட்டுத் தூங்கிட்டியா?" என்றேன்.

வகுப்பு சிரித்தது. அவள் எழுந்து நின்றாள். "இல்லீங்க மேம். பாத்தனுங்க."

"பத்தொன்பது தடவையா? சினிமாவா அது?"

மறுபடியும் சிரிப்பு. அவள் டெஸ்க்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். "உட்காரு. நாளைக்காவது ஒழுங்கா பார்த்துட்டு வா" என்று சொல்லிவிட்டுப் பாடத்துக்குப் போய்விட்டேன்.

அன்று சாயங்காலம் அந்த வீடியோவுக்குக் கீழே அவள் ஒரு வரி எழுதியிருந்தாள்: "வாரேனுங்க மேம்."

நான் ஆத்தூர்க்காரி. இந்தப் பக்கத்து 'ங்க' இன்னும் எனக்கு முழுசாகப் பிடிபடவில்லை. கோபத்திலும் 'ங்க' போடுகிறார்கள், அழுகையிலும் போடுகிறார்கள். நான் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டேன். நாளைக்கு வா என்றேன், வருகிறேன் என்கிறாள், அவ்வளவுதானே. கட்டைவிரல் படம் ஒன்றைத் தட்டிவிட்டு ஃபோனை வைத்தேன்.

வியாழக்கிழமை அவள் வரவில்லை. வெள்ளிக்கிழமையும் இல்லை. பக்கத்தில் உட்காருகிறவளைக் கூப்பிட்டு விசாரித்தேன்.

"பெட்டியெல்லாம் கட்டிட்டு ஊட்டுக்குப் போயிட்டாளுங்க மேம். இனிமேல் வரமாட்டாளாமுங்க."

"யார்கிட்டயும் சொல்லாமலா?"

அந்தப் பெண் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "உங்ககிட்ட சொல்லிட்டேன்னு சொன்னாளுங்களே."

அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். வீட்டை விட்டுக் கிளம்புகிறபோது போகிறேன் என்று சொல்லாத ஊர் இது. எங்கள் ஆத்தூரிலும் யாரும் சொல்வதில்லை. ஸ்டாஃப் ரூம் வாசலில் பெட்டியோடு நின்று "வாரேனுங்க" என்றிருந்தால் எனக்கு ஒரு நொடியில் விளங்கியிருக்கும். திரையில் முகமும் இல்லை, பெட்டியும் இல்லை. விடைபெற்றுப் போன பிள்ளைக்கு நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

அப்புறம்தான் அந்த ஏழாவது நிமிடத்தைப் போட்டுப் பார்த்தேன். எடுத்ததிலிருந்து அந்த வீடியோவை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. திரையில் நான் எழுதுகிறேன்: மைனஸ் இரண்டு எக்ஸ், ஆறைவிடச் சிறியது. அடுத்த வரியில் எக்ஸ், மைனஸ் மூன்றைவிடப் பெரியது. 'சிறியது' எப்படிப் 'பெரியது' ஆனது, குறி ஏன் திரும்பிக்கொண்டது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "இதெல்லாம் உங்களுக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போகிறேன். அங்கே இல்லாத ஒன்றை அந்தப் பெண் பத்தொன்பது தடவை தேடியிருக்கிறாள். பச்சை வாங்கியவர்கள் பாட்டுக்கு ஓடவிட்டிருக்கிறார்கள். தேடியவளை நிற்க வைத்து வகுப்பைச் சிரிக்க வைத்தேன்.

சனிக்கிழமை காலை அவளுக்கு ஃபோன் செய்தேன். பின்னால் விசைத்தறிச் சத்தம். அவள் வெளியே வந்து பேசினாள். எடப்பாடியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிற வேலையாம். திங்கட்கிழமை சேரச் சொல்லியிருக்கிறார்களாம்.

"நீ வாரேன்னு எழுதினியே, அது எந்த வாரேன்?"

"போறேன்னு சொல்லப்படாதுங்களே மேம்" என்றாள்.

"ஏம்மா போறே?"

"எத்தனை தடவை பாத்தாலும் எனக்குப் புரியலீங்க. மத்தவங்க எல்லாருக்கும் பச்சை. எனக்கு இது வராதுங்க மேம்."

"உன் மேல தப்பே இல்லை. அந்த இடத்துல நான் ஒண்ணு விட்டுட்டேன். எல்லார் முன்னாடியும் உன்னைப் பேசினதும் தப்பு. இன்னைக்கே வேற வீடியோ போடறேன். அதைப் பார்த்துட்டுக் கடைக்குப் போறதா வேண்டாமான்னு நீயே முடிவு பண்ணு."

"சரிங்க மேம்" என்றாள். இந்தச் சரிங்க எந்தச் சரிங்க என்று கேட்கத் துணிச்சல் வரவில்லை.

காலி வகுப்பறையில், டெஸ்க்கின் மேல் புத்தகங்களை அடுக்கி அதில் ஃபோனைச் சாய்த்துவைத்தேன். இந்தத் தடவை கதவைச் சாத்தவில்லை. போகிற வருகிற லாரியெல்லாம் என் பாடத்துக்குள் புகுந்தது. முதலில், போன வீடியோவில் தவறு என்னுடையது என்று சொன்னேன். பிறகு கரும்பலகையில் ஒரு கோடு போட்டு நடுவில் புதுச்சத்திரம் என்று எழுதினேன்.

"இங்கிருந்து நாமக்கல் பக்கம் மூணு கிலோமீட்டர்ல ஒரு பஸ், அஞ்சு கிலோமீட்டர்ல ஒரு பஸ். எது நாமக்கல்லுக்குக் கிட்ட? அஞ்சு. இப்போ மைனஸால பெருக்கறோம். அப்படின்னா அதே தூரத்துக்கு ரெண்டு பஸ்ஸையும் சேலம் பக்கம் தூக்கி வெச்சிடுங்க. இப்போ எது நாமக்கல்லுக்குக் கிட்ட? மூணு. பக்கம் மாறினா முந்தினது பிந்திப்போச்சா? அதான் குறி திரும்புது. வகுத்தாலும் இதே கதைதான்."

நாலே நிமிடம். ஏற்றினேன். ஞாயிற்றுக்கிழமை காலைக்குள் வீடியோவுக்குக் கீழே வரிசையாக வந்து விழுந்தது: "எனக்கும் அது புரியாமதான் இருந்துச்சுங்க மேம்." எல்லாம் பச்சைக்காரர்கள்.

அவள் வரி மத்தியானம் வரை சிவப்பாகவே இருந்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஃபோனை எடுத்துப் பார்த்துச் சோற்றை ஆறவிட்டேன். மூன்று மணிக்குமேல் பச்சையானது. ஒரே ஒரு தடவை பார்த்திருந்தாள், மேடு எதுவும் இல்லை. புரிந்து நிறுத்தினாளா, வெறுத்து நிறுத்தினாளா என்று கோள்மூட்டிக்குச் சொல்லத் தெரியவில்லை. கீழே அவள் எதுவும் எழுதவில்லை.

திங்கட்கிழமை இரண்டாவது மணி நேரத்தில் பாதிப் பாடம் ஓடிக்கொண்டிருந்தபோது பெட்டியோடு வந்து வாசலில் நின்றாள். உள்ளே வா என்று தலையசைத்தேன். கணக்கு கொடுத்தேன். குறியைச் சரியாகத் திருப்பியிருந்தாள். நோட்டை நீட்டும்போதே மெதுவாகச் சொன்னாள், "பழைய வீடியோவுல பன்னெண்டாவது நிமிசத்துலயும் ஒண்ணு விட்டிருக்கீங்க மேம்."

மணி அடித்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹாஸ்டலுக்குக் கிளம்பினவள் என் மேஜை அருகே நின்றாள்.

"வாரேனுங்க மேம்."

"எப்போ?" என்றேன்.

முதல் தடவையாக அவள் சிரித்தாள். "நாளைக்குங்க மேம்."