எர்மினியா குடித்த மாத்தே

1977இல் சிட்னியின் மேற்குப் பக்கத்து மருத்துவமனையொன்றில் உணவு ஆலோசகராக வேலைக்குச் சேர்ந்தாள் யாழ்ப்பாணத்துக்காரியான விமலாதேவி. நோயாளிகள் நேற்று என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டுப் படிவம் நிரப்ப வேண்டும். பாண் எத்தனை துண்டு, தேநீர், கோப்பி எத்தனை கோப்பை, அதில் சீனி எத்தனை கரண்டி.

சிலி நாட்டிலிருந்து வந்து பக்கத்து ஃபேர்ஃபீல்டில் குடியிருந்த எர்மினியாவுக்கு நீரிழிவு. மூன்று தடவை வந்தாள். படிவத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரத்தத்தில் சீனிதான் இறங்கவில்லை.

"இந்தப் பெண் பொய் சொல்கிறாள்," என்று மருத்துவர் அவள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

"நான் பொய்க்காரி இல்லை," என்று தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் சொன்ன எர்மினியா, கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த முகம் விமலாதேவியை விடவில்லை. வீட்டில் கணவன் சிறிதரனிடம் சொன்னாள்: "உந்தப் படிவத்திலை என்ரை சாப்பாட்டையே எழுதேலாது. புட்டை எந்தக் கட்டத்திலை போடுறது? நான்தான் அந்த மனுசியிட்டைப் பிழையாக் கேட்டிட்டன் போல கிடக்கு."

"அப்ப வீட்டை போய்க் கேளுமன்."

சனிக்கிழமை பின்னேரம் போனாள். கதவைத் திறந்த எர்மினியா வழிவிடவில்லை.

"படிவம் கொண்டு வரவில்லை," என்று விமலாதேவி வெறுங்கையைக் காட்டினாள்.

உள்ளே தொழிற்சாலைத் தோழிகள் மூவர் உட்கார்ந்திருந்தார்கள். எர்மினியா சிறிய சுரைக்குடுவையில் காய்ந்த இலையை நிரப்பி, ஒரு கரண்டி சீனி போட்டு, சுடுநீர் ஊற்றி, உலோகக் குழலோடு நீட்டினாள். விமலாதேவி உறிஞ்சி முடித்ததும் மறுபடி சீனி, மறுபடி சுடுநீர், அடுத்தவளுக்கு. குடுவை சுற்றிக்கொண்டே இருந்தது. எர்மினியாவின் முறையே ஆறு தடவை வந்தது.

"இது என்ன?"

"மாத்தே. காலையில் தனியாக, பின்னேரம் இவர்களோடு."

"ஏன் எனக்குச் சொல்லவில்லை?"

எர்மினியா விழித்தாள். "நீங்கள் தேநீர் கேட்டீர்கள், கோப்பி கேட்டீர்கள். மாத்தே கேட்கவில்லையே."

சொன்ன பிறகுதான் அவளுக்கே விளங்கியது. சீனிக் கிண்ணத்தைப் பார்த்தாள். கண் கலங்கியது.

"இதையும் நிறுத்தச் சொல்வீர்களா? பிறகு இவர்கள் ஏன் வரப்போகிறார்கள்?"

"மாத்தேயை விட வேண்டாம். சீனியை விட்டுப் பாருங்கள்."

முதல் வாரம் எர்மினியா கசப்பில் முகம் சுளித்தாள். தோழிகள் கேலி செய்தார்கள். அவர்களுக்குச் சீனி போட்டு வேறு குடுவை வைத்தாள். இரண்டு மாதத்தில் இரத்தத்தில் சீனி இறங்கியது. மருத்துவர் அறிக்கையைப் பார்த்துத் தலையாட்டினார். மன்னிப்பு என்று ஒன்றும் கேட்கவில்லை.

அதன்பின் சிலியிலிருந்தும் உருகுவேயிலிருந்தும் வந்த பெண்களிடம், "காலையில் எழுந்ததிலிருந்து சொல்லுங்கள்," என்றுதான் விமலாதேவி தொடங்கினாள். ஒருத்திக்கு ஒரு மணி நேரம் ஆனது. வெளியே வரிசை நீண்டது, மேலதிகாரி முணுமுணுத்தார். அவள் அவசரப்படவில்லை.