விழுந்து விழுந்து சிரித்த செவந்தி

விழுந்து விழுந்து சிரித்தேன் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். இலுப்பூரில் அதைச் சொல் மாறாமல் செய்து காட்டியவள் செவந்தி ஒருத்திதான். தாலுகா ஆபீஸுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். முப்பத்தாறு வயது வரை எல்லோரையும் போல நின்றபடியேதான் சிரித்தாள்.

முதல் தடவை விழுந்தது ஒரு சாவு வீட்டில். கணவன் செல்லமுத்துவின் பெரியப்பா எண்பத்தெட்டு வயதில் போய்ச் சேர்ந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தார். பெண்கள் மாரடித்து அழுதுகொண்டிருந்தார்கள். பெட்டியை ஒட்டி நின்ற மூத்த மகன், சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த தம்பியிடம் போனில் சொன்னார்: "அவசரமே இல்லப்பா. அப்பா நல்லா கூலிங்காத்தான் இருக்காங்க. நீ திருச்சியில சாப்புட்டுட்டு நிதானமா வா."

செவந்திக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்துவிட்டது. முந்தானையை வாயில் திணித்தாள். அடுத்த நொடி முழங்கால் இரண்டும் நூல் அறுந்த மாதிரி தொய்ந்தன. தலை சரிந்தது. பெட்டியின் மேல் கவிழ்ந்து, அங்கிருந்து வழுக்கித் தரைக்கு வந்து சேர்ந்தாள்.

விசேஷம் என்னவென்றால், நினைவு தப்பவில்லை. இமையைக்கூடத் தூக்க முடியவில்லை. காது மட்டும் நன்றாகவே கேட்டது.

"பெத்த மகளுகூட இப்புடி விழுகலயே" என்று ஒரு குரல் மூக்கைச் சிந்தியது.

"உசுரோட இருக்கயில ஒரு வாய் காப்பி குடுத்தவ இல்ல" என்றது இன்னொரு குரல். பக்கத்துக் கடை ராக்காயி. டீ விற்பவள், அவளுக்கு அந்தக் கவலை.

ஒரு நிமிடத்தில் செவந்தி எழுந்து உட்கார்ந்தாள். சோடா கொடுத்தார்கள். கருமாதி வரை அந்தக் குடும்பத்தில் அவளுக்குத் தனி மரியாதை இருந்தது.

மறு வாரம் கடையிலேயே விழுந்தாள். பென்ஷன்காரர் ஒருவர் வாழ்நாள் சான்றிதழை நீட்டி, "நான் உசுரோட இருக்கேன்னு மூணு காப்பி போடும்மா. ஒண்ணு வீட்டுக்கு. அங்கயும் யாரும் நம்பறதில்ல" என்றார். செவந்தி மெஷினுக்குக் கீழே போய்விட்டாள். மூன்று காப்பியும் பிழையில்லாமல் வெளியே வந்து அவள் மேல் விழுந்தன.

ராக்காயி ஓடிவந்து ஒரு சாவிக்கொத்தைக் கையில் திணித்தாள். வலிப்புக்கு இரும்புதான் மருந்தாம். பிறகு வெங்காயத்தை நசுக்கி மூக்கில் வைத்தாள். கூட்டம் கூடியது. இவளுக்குப் பேய் என்றும், இல்லை, பட்டினி கிடந்து உடம்பைக் குறைக்கிறாள் என்றும் இரண்டு கட்சி பிரிந்தது. உடம்பு குறைந்த மாதிரி தெரியவில்லையே என்று மூன்றாவதாக ஒருவர் சொன்னதையும் செவந்தி தரையில் கிடந்தபடி கேட்டுக்கொண்டாள்.

கோடாங்கியிடம் கூட்டிப் போனார்கள். அவர் உடுக்கையை அடித்து, கண்ணை உருட்டி, "நீ யாரு? எந்த ஊரு? எதுக்கு இவளப் புடிச்ச?" என்று கேட்டார். ஆதார் கார்டும் கேட்பாரோ என்று செவந்திக்குத் தோன்றியது. தோன்றியிருக்கக் கூடாது. சாய்ந்தாள். பேய் பயந்துவிட்டது என்று கோடாங்கி அறிவித்து, சேவல் கேட்டார்.

புதுக்கோட்டையில் ஒரு டாக்டர் வலிப்பு மாத்திரை எழுதினார். இன்னொருவர் டென்ஷனைக் குறைக்கச் சொன்னார். ஸ்கேனில் மூளை சுத்தமாக இருந்தது. மாத்திரைக்கும் மீறிச் சிரிப்பு வந்தது, சிரிப்புக்குப் பின்னாலேயே விழுவதும் வந்தது. போதாததற்குப் பகலில் தூக்கம். ஐந்து காப்பி கேட்டவருக்கு ஐம்பது ஓடும் வரை அவள் மெஷின் மேல் கன்னத்தை வைத்துத் தூங்கினாள். சூடாக இருந்ததால் தூக்கம் நன்றாகவே வந்தது.

இதில் உண்மையிலேயே மனம் நொந்தவன் செல்லமுத்து. எட்டு வருடம் கத்தாரில் இருந்துவிட்டு வந்து சொட்டுநீர்க் குழாய் விற்கிறான். ஆனால் அவனைக் கேட்டால் தான் ஒரு நகைச்சுவைப் பேச்சாளன் என்பான். சுற்றுவட்டாரத்தில் எந்தப் பட்டிமன்றம் என்றாலும் கடைசி நாற்காலி அவனுக்கு. பென்ஷன்காரர் பேச்சுக்கு விழுந்தாள், கோடாங்கிக்கு விழுந்தாள், பஞ்சாயத்துக் குழாயில் தண்ணீர் வரும் நேரம் பற்றிய அறிவிப்புக்குக்கூட ஒரு நாள் விழுந்தாள். புருஷன் பேச்சுக்கு ஒரு தடவைகூட அவள் முழங்கால் லேசாக ஆடியதில்லை.

"எல்லாரும் பேசுறதுக்கு விழுற. நான் பேசுனா மட்டும் கல்லு மாதிரி நிக்கிற" என்றான்.

"நான் என்னங்க செய்ய? காலு கேக்க மாட்டேங்குது."

திருச்சியில் ஷர்லி என்ற நரம்பு டாக்டரைப் பார்க்க யாரோ சொன்னார்கள். காத்திருந்த இருபது நிமிடத்தில் செவந்தி தூங்கிக் கனவும் கண்டுவிட்டாள். டாக்டர் ரிப்போர்ட்டைத் தள்ளி வைத்துவிட்டு முதல் கேள்வியாகவே, "சிரிக்கும்போது மட்டும்தான் விழறீங்களா?" என்று கேட்டார். இரண்டு வருடத்தில் இதை யாரும் கேட்டதில்லை. செவந்திக்கு அழுகை வந்தது. அழுகைக்கு விழவில்லை.

"நேர்ல பாத்தா நல்லது. யாராவது சிரிக்க வைங்க" என்றார் டாக்டர்.

செல்லமுத்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தான். "கத்தார்ல ஒட்டகம் ஏன் செல்போன் வச்சுக்கிறதில்ல தெரியுமா? அதுக்கு முதுகுலயே டவர் இருக்கு."

டாக்டர் செவந்தியின் காலைப் பார்த்துவிட்டு, "சார், வேற ஆள் யாரும் கூட வரலியா?" என்றார்.

செவந்தி நாற்காலியிலிருந்து வழிந்தாள். டாக்டர் குனிந்து அவள் முழங்காலைச் சுத்தியலால் தட்டினார். கால் அசையவே இல்லை. எழுந்த பிறகு தட்டினார், உதைத்தது.

"நார்கோலெப்ஸின்னு ஒரு வியாதி. விழறதுக்குப் பேரு கேட்டப்ளெக்ஸி. நம்மள முழிப்பா வச்சிருக்கற ஒரு ரசாயனம் ஒங்க மூளையில கொறஞ்சு போச்சு. கனவு காணும்போது ஒடம்பு தளந்து கெடக்குமில்ல, அது ஒங்களுக்கு முழிச்சிருக்கும்போதே சிரிப்போட வந்துருது. பேயும் இல்ல, வலிப்பும் இல்ல. முழுசாப் போகாது, மாத்திரையில அடங்கும். நீங்களா நிறுத்தக் கூடாது." தூக்கத்தை அளக்கும் சோதனையும் எடுத்தார்கள். அதில் செவந்தி மிக எளிதாகத் தேறினாள்.

மாத்திரை வேலை செய்தது. இரண்டு மாதத்தில் செவந்தி மறுபடி நின்றுகொண்டே சிரித்தாள். வயிறு வலிக்கச் சிரித்தாள். ராக்காயியின் சாவிக்கொத்துக்கு வேலை போயிற்று.

செல்லமுத்துவுக்குத்தான் நெஞ்சு ஆறவில்லை. பொங்கல் விழாப் பட்டிமன்றத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது சோற்றைப் பிசைந்துகொண்டே, "எம் பேச்சுக்கு நீ விழுவியா மாட்டியான்னு இனி எனக்குத் தெரியவே போறதில்ல, என்ன?" என்றான். அவன் முகத்தைப் பார்த்துச் செவந்திக்கு இரக்கமாகப் போய்விட்டது. யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினாள்.

பட்டிமன்றத்தன்று சாயங்காலம் ஆறு மணிக்கு முன்வரிசையில் உட்கார்ந்தாள். செல்லமுத்து இருபது நிமிடம் பேசினான். ஒட்டகம் வந்தது. மாமியார் வந்தாள். செவந்தி உண்மையாகவே முயற்சி செய்தாள். கால் தூண் மாதிரி நின்றது. அவன் முடித்து, வேர்த்துப்போய் நின்றான். விழாக் குழுத் தலைவர் ஒரு துண்டைப் போர்த்தி, காகிதத்தைப் பிரித்து உரக்கப் படித்தார்: "சொட்டுநீர்க் குழாய் வணிகர், நகைச்சுவைப் பெருங்கடல் செல்லமுத்து அவர்கள்..."

சொட்டிலிருந்து கடல் வரை போனது செவந்திக்குத் தாங்கவில்லை. நாற்காலியோடு சாய்ந்தாள்.

"விழுந்துட்டா" என்று மைக்கில் கேட்டது. "எம் பொண்டாட்டி விழுந்துட்டா. எனக்குத்தான் விழுந்தா." கூட்டம் கைதட்டியது. செவந்தி தரையில் கிடந்து எல்லாவற்றையும் கேட்டாள். அவன் குரல் உடைந்திருந்தது. எழுந்ததும் மறுத்துப் பேச வாய் வரவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

மறுநாள் காரணமில்லாமலே ஆறு தடவை விழுந்து, நெற்றியில் இரண்டு தையல் போட்டுக்கொண்டாள். டாக்டர் ஷர்லி போனில் திட்டியதை ராக்காயி டீக்கடையிலிருந்தே கேட்டாள்.

இப்போது மாத்திரை தவறுவதில்லை. மதியம் அரை மணி நேரம் ஷட்டரை இறக்கிவிட்டுத் தூங்குகிறாள். போன மாதம் அரிமளத்திலிருந்து அமிர்தவல்லி என்ற பெண் ஆஸ்பத்திரி பைலை நகல் எடுக்க வந்தாள். எல்லாம் வலிப்பு மாத்திரைச் சீட்டுகள். பக்கங்களைத் திருப்பிய செவந்தி நிறுத்தினாள்.

"சிரிச்சா விழுவீங்களா?"

"இல்லக்கா. கோவம் வந்தா. எங்க வீட்டுக்காரரத் திட்ட ஆரம்பிச்சாலே வாய் கொழறி விழுந்துர்றேன். இதுவரைக்கும் ஒரு தடவகூட முழுசாத் திட்டி முடிச்சதில்ல."

"தூக்கம்?"

"அத ஏன் கேக்குறீங்க."

செவந்தி நகலுக்குக் காசு வாங்கவில்லை. அடுத்த வியாழக்கிழமை இருவரும் சேர்ந்தே திருச்சி பஸ் ஏறினார்கள். வழி நெடுகப் பேசிக்கொண்டு போவதாகத்தான் திட்டம். விராலிமலை வருவதற்குள் இருவரும் தூங்கியிருந்தார்கள். திருச்சி பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் ஜன்னல் கம்பியைத் தட்டி எழுப்பினார்.