மேட்டுக்குப் போட்ட சீட்டு

எங்கள் ஊருக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல்மேடு இருந்தது. இருந்தது என்று எழுதக் கை கூசுகிறது. அது இல்லாமல் போனதில் என் கைக்கும் பங்கு உண்டு.

பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் ஒல்லியான நிலத்தில் எங்கள் குப்பம். மேற்கே ஏரி, கிழக்கே கடல். வீடுகள் எல்லாம் ஏரியைப் பார்த்து நிற்கும். அவற்றின் முதுகுப் பக்கம் அந்த மேடு, இரண்டு ஆள் உயரத்துக்கு, ஊர் நீளத்துக்கும் படுத்திருக்கும். அடப்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும் அதைப் பின்னிப் பிடித்துவைத்திருக்கும். மேட்டில் ஏறினால்தான் கடல் தெரியும். வீட்டில் இருப்பவர்களுக்கு அதன் சத்தம் மட்டும் கேட்கும்.

மேட்டின் அடியிலேயே என் அக்கா வீடு. ஊரில் முதன்முதலில் ஓடு போட்ட வீடு அது. மாமா ஒரு நாள் படகு தள்ளும்போது அது சாய்ந்து இடுப்பில் விழுந்து, எழுந்து நடக்க முடியாமல் போனவர். அதற்குப் பிறகு அக்காதான் எல்லாம். ஊராரிடம் இறால் வாங்கி, கூடைகளில் ஐஸ் போட்டு, தோணியில் ஏரியைக் கடந்து பழவேற்காட்டுக்குப் போவாள். அங்கிருந்து இன்னும் ஐந்தாறு பெண்களோடு வேனில் திருப்பாலைவனம், பொன்னேரி தாண்டி, கல்கத்தா ரோட்டில் ஏறி மெட்ராஸ் போவாள். ஓடு ஒவ்வொன்றும் அவள் தலையில் சுமந்த கூடையிலிருந்து வந்தது.

அந்தக் கல்கத்தா ரோடு அப்போது எப்படி இருந்தது என்று இப்போதைய பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். எதிரெதிரே இரண்டு லாரி வந்தால் ஒன்று மண்ணில் இறங்கவேண்டும். ஆந்திராவிலிருந்து அரிசி லாரி, அதற்கும் அப்பாலிருந்து இரும்பு லாரி, நடுவில் மாட்டு வண்டி, பஸ். ஒரு குறுகலான பாலத்தில் ஒரு லாரி அச்சு முறிந்து நின்றால் போதும், அரை நாள் ரோடு அசையாது. இறால் அதுவரை காத்திருக்குமா? ஐஸ் உருகி, கூடையின் அடியில் சிவப்பாக நீர் சொட்டத் தொடங்கும். அக்கா பல நாள் கூடையை ரோட்டோரப் பள்ளத்தில் கவிழ்த்துவிட்டு வெறும் கையோடு திரும்பியிருக்கிறாள்.

"அந்த ரோட்டுல எம் பொழப்பே நாறுதுடா தம்பி" என்பாள்.

ஒரு முறை வெயில் நேரத்தில், முந்தப் பார்த்த லாரி ஒன்று அவர்கள் வேனை உரசித் தள்ளியது. எங்களூர்ப் பெண் ஒருத்தி அங்கேயே போய்விட்டாள். அக்கா அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அதன் பிறகு அவள் கூடையோடு கிளம்பும்போதெல்லாம் மாமா கண்ணை மூடிக்கொள்வார். ரோடு அகலமாக வேண்டும் என்று நாங்கள் கேட்டது பேராசையில் இல்லை. அதை மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது.

ஊரில் எஸ்.எஸ்.எல்.சி. படித்தவன் நான். வலையும் இழுப்பேன், மனுவும் எழுதுவேன். ரோட்டை அகலப்படுத்தக் கேட்டு எத்தனை மனு எழுதியிருப்பேன் என்று எனக்கே நினைவில்லை. கடைசியில் எழுபதுகளின் பின்பாதியில் ஒரு நாள் பொன்னேரியில் கூட்டம் என்று ஆள் வந்தது. சுற்று வட்டாரத்து ஊர்க்காரர்கள் எல்லாம் ஒரு பள்ளிக்கூடத்தில் கூடினோம்.

வந்திருந்த அதிகாரி நல்ல மனிதர். ஒளிக்காமல் சொன்னார். ரோட்டை அகலமாக்க உத்தரவு வந்துவிட்டது, ஆனால் கொடுத்த பணம் ஆந்திர எல்லையிலிருந்து பாதி தூரத்துக்குத்தான் காணும். ரோட்டின் கரையை உயர்த்தி இரண்டு பக்கமும் மண் கொட்டவேண்டும், மண்ணுக்கே பாதிப் பணம் போய்விடும். சுற்றியுள்ள ஊர்கள் தங்கள் பங்கு என்று ஏதாவது கொடுத்தால் பொன்னேரிப் பக்கத்தை முதலில் எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் அது எப்போது நடக்கும் என்று அவருக்கே தெரியாது.

சுங்கம் வைத்து வசூலிக்கலாம் என்றார் ஒருவர். லாரிக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். மீன் கூடைக்கு இவ்வளவு என்று வரி போடலாம் என்றார் இன்னொருவர். எங்கள் பெண்கள் எழுந்து நின்று பேசிய பேச்சில் அவர் உட்கார்ந்துவிட்டார். வயலை வெட்டி மண் கொடுக்க முடியுமா என்று கேட்டபோது நெல் போடும் ஊர்க்காரர்கள் வாயே திறக்கவில்லை. கூட்டம் கலைகிற நேரம். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். படித்த கொழுப்பு விடவில்லை.

"சார், எங்க ஊர்ல மணலு கீது. எங்க தோணியிலேயே ஏத்திப் பழவேற்காட்டுக் கரையில போட்டுட்றோம். அங்கேர்ந்து லாரி வச்சி எடுத்துக்குங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எவ்வளவு இருக்கும்?"

"எடுக்க எடுக்க வரும் சார்" என்றேன்.

பொய் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நம்பினேன். கோடைக் காற்றில் எங்கள் வாசல்களில் முழங்கால் அளவு மணல் ஏறும். பெண்கள் தினமும் கூட்டித் தள்ளி அலுத்துப்போவார்கள். மணல் குறையும் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதே இல்லை.

ஊருக்குத் திரும்பிச் சொன்னபோது எல்லோரும் கை தட்டினார்கள். அக்கா மட்டும் கை தட்டவில்லை. ரோடு வேண்டும் என்று எல்லோரையும்விட அதிகம் கேட்டவள் அவள்தான்.

"மேட்டக் குடுத்துட்டா கடல எத்த வச்சிடா நிறுத்துவ?" என்று கேட்டாள். "நைனா உயிரோட இருந்தா இத்த ஒத்துகினு இருப்பாரா?"

அவள் கேள்விக்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது.

எங்கள் ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. இறால் ஓடும் இடங்கள் இன்னின்னவை என்று எண்ணிவைத்திருக்கிறோம். எந்த இடம் எந்த நாளில் யாருக்கு என்று சீட்டுப் போட்டுப் பிரிப்போம். அதற்குப் பாடு என்று பெயர். இன்றைக்கு என் பாடு, நாளைக்கு உன் பாடு. ஒருவன் அரித்துவிட்டுப் போன இடத்தில் மறுநாள் தண்ணீர் ஏறும்போது மீனும் வந்துவிடும். இந்த ஒரு வழக்கத்தால்தான் எங்களுக்குள் அடிதடி இல்லை, ஏரியிலும் மீன் குறையவில்லை. ஆகவே மேட்டையும் பாடு போட்டுவிடலாம் என்றேன். ஏழு துண்டாகப் பிரிப்போம், ஆளாளுக்குச் சீட்டில் விழுந்த துண்டில் வெட்டி முடித்ததும் அடுத்த துண்டுக்குப் போவோம், வெட்டின இடம் கோடைக் காற்றில் தானாக மூடிக்கொள்ளும்.

தண்ணீருக்குள் ஓடுகிற மீனுக்கு வைத்த சட்டத்தை, அசையாமல் கிடந்த மண்ணுக்கு வைத்தேன். ஊரும் சரி என்றது. பாடு என்ற சொல்லைக் கேட்டதும் அக்காவுக்கும் வாய் அடைத்துவிட்டது. அதை எதிர்த்து எங்களில் யாரும் பேசிப் பழகவில்லை.

அம்மன் கோயில் முன்னால் பானையில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார்கள். அக்கா வீட்டுக்குப் பின்னால் இருந்த துண்டு என் பெயருக்கு விழுந்தது. பாடு விழுந்தால் மறுக்கக் கூடாது. மறுத்தவன் அந்த வருஷம் ஏரியில் இறங்க முடியாது. நான் அக்காவைப் பார்த்தேன்.

"ஒன் கையில வந்ததே நல்லதாப் போச்சி. பாத்து வெட்டு" என்றாள்.

பார்த்துத்தான் வெட்டத் தொடங்கினேன். மேலாக வழிக்கலாம், அடியைத் தொடவேண்டாம் என்று நினைத்தேன். ஆனால் மேல் மணல் கொடியும் வேருமாக இருந்தது. கொடியைப் பிடுங்கி எறிந்தால்தான் மண்வெட்டி இறங்கும். அடி மணல் சுத்தமாக, ஈரமாக, ஒரே வெட்டில் கூடை நிறைய வந்தது. தோணி நிறையவேண்டும், கரையில் லாரி காத்திருக்கிறது. என் துண்டிலிருந்து ஏரிக்கரைக்குத் தூரம் குறைவு என்று பக்கத்துத் துண்டுக்காரர்களும் என்னிடமே வந்து அள்ளினார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ரோடு என்னால்தான் வருகிறது என்ற மிதப்பு எனக்கு.

அடுத்த கோடையில் வெட்டின பள்ளங்களில் மணல் வந்து விழத்தான் செய்தது. பார்த்தாயா என்று அக்காவிடம் காட்டினேன். அவள் குனிந்து ஒரு பிடி அள்ளினாள். மாவு மாதிரி விரல் இடுக்கில் ஓடியது. ஐப்பசியில் முதல் மழை பெய்ததும் அது அத்தனையும் கரைந்து போனது. பிடித்துவைக்கத்தான் கொடி இல்லையே.

அதன் பிறகு அந்த வீட்டில் சின்னச் சின்னதாக ஏதேதோ மாறிக்கொண்டே வந்தது. கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தில் காலையில் உப்புப் பூத்திருக்கும். விளக்குச் சுடர் கிழக்கிலிருந்து வரும் காற்றில் அலையும். கோழிகள் வீட்டுக்குப் பின்னால் மேயப் போவதை நிறுத்திவிட்டன. ஒரு நாள் மத்தியானம் மாமாவுக்குச் சோறு கொண்டுபோனேன். அவர் பாயில் படுத்தபடியே பின்வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"படுத்துகினே கடலு தெரியுதுடா" என்றார். "இத்தினி வருசத்துல தெரிஞ்சதே இல்ல. அது என்னப் பாக்குற மாதிரி கீது."

நான் சிரித்து மழுப்பினேன். பின்வாசலைச் சாத்திவிட்டு வந்தேன்.

ரோடு முடிந்தது. சொன்னபடியே எங்கள் பக்கத்தை முதலில் அகலமாக்கியிருந்தார்கள். அக்காவின் இறால் ஐஸ் கரையும் முன்பே மெட்ராஸ் போய்ச் சேர்ந்தது. "வண்டி கப்பலு மாதிரி போவுதுடா" என்று அவளே சொன்னாள். நாலைந்து வருஷம் நல்ல வருஷங்கள்தான். மேட்டைப் பற்றிப் பேசுவதை நாங்கள் இருவருமே விட்டுவிட்டோம்.

பிறகு ஒரு கார்த்திகை மாதம். ரேடியோவில் புயல் என்று சொன்னார்கள். ரேடியோ எல்லா வருஷமும்தான் சொல்லும். அக்கா முதல் நாளே சரக்கோடு மெட்ராஸ் போயிருந்தாள். காலையில் விடிய வேண்டிய நேரத்தில் வெளிச்சம் வரவில்லை. வாடைக் காற்று படகுகளைப் புரட்டிப் போட்டது. நான் அக்கா வீட்டுக்கு ஓடினேன். மாமாவை முதுகில் தூக்கிக்கொண்டு வாசலில் இறங்குவதற்குள் தண்ணீர் கணுக்காலில் இருந்து இடுப்புக்கு வந்துவிட்டது. அம்மன் கோயில் மேடையில் ஏறி நின்று திரும்பிப் பார்த்தேன். ஊர் முழுக்க ஏழு இடத்தில் கடல் உள்ளே வந்துகொண்டிருந்தது. ஆறு இடத்தில் வாய்க்கால் மாதிரி வந்தது. என் துண்டில் மட்டும் ஆறு மாதிரி வந்தது. அக்கா வீட்டின் பின்சுவர் முதலில் போனது, பிறகு ஓடுகள் ஒரு பக்கமாகச் சரிந்தன. கடல் ஏரியில் போய் விழுந்த சத்தத்தில் மற்றது எதுவும் கேட்கவில்லை. மாமா என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் அக்கா வந்தாள். ரோடெல்லாம் மரம் விழுந்து கிடக்க, பொன்னேரியிலிருந்து நடந்தே பழவேற்காடு வந்து, ஏதோ ஒரு தோணியில் கடந்திருக்கிறாள். வீடு இருந்த இடத்தில் உப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மாமாவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"எந்தத் துண்டு வழியா வந்துச்சி?"

"என்னோடதுதான்க்கா."

தலையை ஆட்டினாள். திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் கொஞ்சம் தேறியிருப்பேன்.

ஊரில் மற்றவர்கள் குடிசை போட்டுக்கொண்டார்கள். அக்கா போடவில்லை. மாமாவை இட்டுக்கொண்டு கல்கத்தா ரோட்டுக்குப் போய், பொன்னேரிப் பிரிவுக்குப் பக்கத்தில் ரோட்டுக் கரையிலேயே ஓலைக் கொட்டகை போட்டாள். லாரிக்காரர்களுக்கு மீன் வறுத்து விற்றாள். ஆக்கிரமிப்பு என்று சொல்லி ஆட்கள் வந்தார்கள். அன்று நானும் அங்கே இருந்தேன். அவள் கரையைக் கையால் தோண்டி ஒரு பிடி அள்ளிக் காட்டினாள். உடைந்த கடற்சிப்பி அதில் மினுங்கியது.

"இது எம் வூட்டுக்குப் பின்னால கெடந்த மண்ணு. இத்த எங்க கொட்டி வச்சிருக்கீங்களோ அங்கதான் நான் இருப்பேன்."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். பிறகும் பல முறை வந்தார்கள். அவள் நகரவில்லை.

எண்பதுகள் முடிவதற்குள் அந்த ரோடு மறுபடியும் போதாமல் போனது. பழையபடி லாரிகள் வரிசை கட்டி நின்றன. ஒரு நாள் நான் போயிருந்தபோது சங்கிலி பிடித்து அளந்துகொண்டு ஆட்கள் வந்தார்கள். கொட்டகைக்கு உள்ளே, அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு முளை அடித்து அதற்குச் சிவப்புப் பூசினார்கள். அக்கா தடுக்கவில்லை. அவர்களுக்கும் மீன் வைத்துக் கொடுத்தாள். அவர்கள் போனதும் என் பக்கம் திரும்பினாள்.

"இந்தத் தபா மண்ணு எந்த ஊர்லேர்ந்து எடுக்குறாங்களாம்?"

எனக்குத் தெரியும். எங்களுக்கு வடக்கே இருக்கும் குப்பத்துக்காரர்கள் முந்தின வாரம்தான் மனு எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்திருந்தார்கள். சீட்டுக்கூடப் போட்டாயிற்று என்றார்கள். மாட்டேன் என்று சொல்லி, அவர்களை இட்டுக்கொண்டு போய் அக்கா வீடு இருந்த இடத்தைக் காட்டினேன். இவை எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன்.

"பாத்துட்டு இன்னா சொன்னாங்க?"

"எங்க மணலு அப்படி இல்ல, எடுக்க எடுக்க வரும்னாங்க."

அக்கா சட்டியில் கிடந்த மீனைத் திருப்பிப் போட்டாள். மனு எழுத அந்த ஊரிலும் படித்த பையன் ஒருவன் இருந்தான்.