தொடாத கேசரி

1991-இல் மண்ணூரில் எங்கள் வீட்டுச் சர்க்கரை விருந்தாளிகளுக்கானது. நாங்கள் வெல்லக் காப்பிதான் குடிப்போம். ரேஷனில் வாங்கிய சர்க்கரை மேல்தட்டில் மூடி போட்ட பாட்டிலில் இருக்கும். வருகிறவர் தெரிந்தவர் என்றால் ஒரு கரண்டி, உறவு என்றால் இரண்டு. சம்பந்தம் பேச வருகிறவர்களுக்கு அம்மா கை அளவே பார்க்காது.

அந்த ஆவணியில் சேரப்பணஞ்சேரியிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். அதற்கு முன் இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று எங்கள் பக்கம் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வைத்த இனிப்பைச் சாப்பிட்டால் சம்மதம். காரத்தை மட்டும் கொறித்துவிட்டு எழுந்தால், "போய்த் தகவல் சொல்லி அனுப்பறோம்" என்பார்கள். தகவல் வராது.

மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் கேசரியைச் சாப்பிட்டுவிட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பாவோ காராபூந்தியை மட்டும் தின்றார். கேசரி தட்டின் ஓரத்துக்குப் போயிருந்தது. காப்பியையும் உதட்டில் வைத்து இறக்கிவிட்டார்.

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டம்மா, "பெரியவரு தொடவே இல்ல. இதுவும் போச்சு" என்று முணுமுணுத்தார். அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

அப்பா அவர் தட்டைக் காட்டினார். "இன்னாங்க, கேசரி அப்படியே கீது? எங்க மேல ஏதாச்சும் குறையா?"

"ஐயையோ, அதெல்லாம் இல்லீங்க." பெரியவர் அவசரமாக ஸ்பூனை எடுத்தார். அவர் மனைவி கையைப் பிடித்துவிட்டார்.

"வேணாம்யா! போன மாசம் மயங்கி வுழுந்தது மறந்துபோச்சா?" என்றவர் எங்களைப் பார்த்தார். "அவருக்குச் சக்கர வியாதிங்க. புள்ளைக்கும் வரும்னு பொண்ணு குடுக்க யோசிப்பீங்கோ. அதான் மறைச்சிக்கினு வந்தோம்."

அந்த வியாதியின் பெயரை அப்போதெல்லாம் தாழ்ந்த குரலில்தான் சொல்வார்கள். பெரியவர் தலை குனிந்துகொண்டார்.

அதுவரை நிமிராமல் நின்ற அக்கா போய் அவர் கையிலிருந்த தட்டை வாங்கினாள். "குடுங்க மாமா. சக்கர போடாத காப்பி எடுத்துனு வரேன்."

"இன்னாடி இது? தாலி ஏர்றதுக்கு முன்னாடியே மாமாவா?" என்றார் பக்கத்து வீட்டம்மா.

பெரியவர் சிரித்துவிட்டார். "அதுவே கூப்ட்டுடுச்சு. இனிமே நான் இன்னா தகவல் சொல்லி அனுப்பறது? தேதி பாருங்க."

இப்போது ஒரகடத்தில் குடியிருக்கும் அக்கா வீட்டுக்கு யார் போனாலும், உட்காரும் முன்பே, "சுகர் போட்டா, போடாமலா?" என்று கேட்டுவிடுகிறார்கள். சர்க்கரை தனிக் கிண்ணத்தில் வருகிறது. இரண்டு ஸ்பூன் போடுகிறவரைத்தான் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

அம்மாவுக்கு மட்டும் அது கடைசிவரை பழகவில்லை. அக்காவின் மாமனார் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சர்க்கரை இல்லாத காப்பியைத்தான் அம்மா கொடுப்பார். கொடுத்துவிட்டு, அவர் குடித்து முடிக்கும்வரை, மரியாதைக் குறைவு செய்துவிட்டவர் போல முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பார்.