காயப்பட்ட மானும் நான் முறித்த கொப்புகளும்

வேட்டைக்காரரோடு கூடப் போய்ப் பார்க்கலாமா, போவதென்றால் என்ன ஆயத்தம் வேண்டும் என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். சென்ற செப்டம்பரில் நான் ஒருமுறை போய்வந்தேன். எனக்கு எழுத்து வராது. நான் போனில் சொல்லி அனுப்ப, மகள் தட்டுகிறாள். ஞாபகம் மட்டும் குறைவில்லாமல் வரும், அதனால் நடந்ததை நடந்தபடியே சொல்லலாம்.

ஏன் போனேன் என்றால், வேலையை விட்ட பிறகு எனக்கு வீட்டில் இருப்புக் கொள்வதில்லை. சுவிஸில் நான் இருக்கிற பேர்ண் நகரத்தில் டிராம் ஏறி, கடைசித் தரிப்பிடம் வரை போய், இறங்காமல் அப்படியே திரும்பி வருகிற ஆள் நான். பக்கத்து நகரமான துன்னில் ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் சமையல் செய்கிற என் தங்கை மகன் ஜெயன் இதைக் கேள்விப்பட்டு, "மாமா, உங்கடை காலுக்கு நான் ஒரு வேலை தாறன். ஆனால் வாய்க்கு வேலை இல்லை. அங்கை கதைக்கக் கூடாது" என்றான்.

ஜெயனுக்கு இது வில்லில் தொடங்கிய ஆசை. துன்னில் ஒரு வில்வித்தைக் கழகத்தில் சேர்ந்து, காட்டுக்குள் நிறுத்தி வைத்திருக்கும் பஞ்சால் செய்த பொம்மை மான்களுக்கு அம்பு விட்டுத் திரிந்தான். உயிருள்ள மிருகத்தை வில்லால் வேட்டையாட சுவிஸில் சட்டம் இடம் கொடுக்காது, துவக்குத்தான். வில்லோடு வரலாமா என்று கேட்டவருக்கு இதுவே பதில். அவன் படித்து, சோதனை எழுதி, அனுமதி எடுத்தான். இது அவனுக்கு முதல் வருடம். அவனைத் தங்கள் குழுவில் சேர்த்துக்கொண்ட சுவிஸ்காரர்கள் எல்லோரும் அவன் முதல் சூட்டை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதல்நாள் பின்னேரம் பேர்ணிலிருந்து துன்னுக்கு ரயில் எடுத்தேன். இருபது நிமிடம், அரைக்கட்டண அட்டைக்கு எட்டு பிராங்க் சொச்சம். விடிய முந்தி நாலரைக்கு ஜெயனின் காரில் புறப்பட்டோம். முப்பத்துநாலு கிலோமீட்டர். சிம்மன்தால் பக்கம் போய்ப் பிரிகிற ஒரு சின்னப் பள்ளத்தாக்கு. ஊர்ப்பெயரைப் போட வேண்டாம் என்று ஜெயன் சொல்லிவிட்டான், வேட்டைக்காரர் யாரும் தங்கள் இடத்தைச் சொல்வதில்லையாம். காட்டு றோட்டுக்குப் பத்து பிராங்க் கட்டி, காரை விட்டு, இரண்டு கிலோமீட்டர் ஏற்றம் நடந்தோம். எனக்கு ஒரு மணித்தியாலம் பிடித்தது. ஜெயன் தனியே போனால் அதில் பாதி.

புல்வெளியும் ஊசியிலைக் காடும் சேருகிற ஓரத்தில் விழுந்து கிடந்த மரக்குத்தி ஒன்றில் உட்கார்ந்தோம். குளிர் முழங்காலுக்குள் போய் உட்கார்ந்தது. ஏழு மணியளவில், காட்டிலிருந்து ஒரு இளம் ஆண் மான் வெளியே வந்து புல்லில் தலையை வைத்தது. ஜெயன் சுட்டான். மான் முதுகை வளைத்து ஒரு துள்ளுத் துள்ளி, வந்த வழியே காட்டுக்குள் போய்விட்டது.

மானை விழுத்திவிட்டான் என்றுதான் நான் நினைத்தேன். ஜெயன் மான் நின்ற இடத்துக்குப் போய்க் குனிந்து பார்த்து, காட்டுக்குள் சிறிது தூரம் போய்த் திரும்பி வந்தபோது முகத்தில் இரத்தமே இல்லை.

"குறி பிழைச்சுப் போச்சு, மாமா. பின்னுக்குப் பட்டிட்டுது. வயிறு."

"எப்பிடித் தெரியும்?"

"இரத்தம் கறுப்பு. அரைச்ச புல்லும் கிடக்குது."

வயிற்றில் பட்ட மான் உடனே சாகாது. துரத்தாமல் விட்டால் பக்கத்தில் எங்காவது படுத்துவிடும். துரத்தினால் அந்த நோவோடு மலை தாண்டி ஓடும், பிறகு கிடைக்காது. அதனால் மூன்று மணித்தியாலம் யாரும் அசையாமல் இருந்துவிட்டு, இரத்த வாடை பிடிக்கப் பழக்கிய நாயைக் கொண்டுவந்து தேட வேண்டும். அதுதான் இங்கே முறை. ஜெயன் நாய்க்காரிக்குப் போன் எடுத்தான். பத்து மணிக்கு வருவதாகச் சொன்னார். ஆனால் பதினொரு மணிக்கு மழை என்று போன் காட்டியது. மழை விழுந்தால் இரத்தமும் போகும், வாடையும் போகும்.

"இதைக் காணாட்டி நான் துவக்கைத் திருப்பிக் குடுத்திடுவன்," என்றான் ஜெயன். "ஒரு சீவனை இப்பிடிக் கிடந்து துடிக்க விட்டிட்டு, கிச்சனுக்குப் போய் இறைச்சி வெட்ட என்னாலை ஏலாது." அவன் பகிடிக்குச் சொல்லவில்லை.

இந்த ஊர் வேட்டைக்காரரின் ஒரு வழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். மிருகம் காயப்பட்ட இடத்திலும், இரத்தம் கண்ட இடத்திலும் பச்சைக் கொப்பு ஒன்றை நிலத்தில் வைப்பார்கள். கத்தி படக்கூடாது, கையால்தான் முறிக்க வேண்டும். கொப்பின் முனை எந்தப் பக்கம் காட்டுகிறதோ, அந்தப் பக்கம் மிருகம் போயிருக்கிறது என்று அர்த்தம். பின்னால் வருகிறவர் ஒரு வார்த்தை கேட்காமல் விளங்கிக்கொள்வார். ஜெயன் புல்வெளியில் ஒன்று, காட்டுக்குள் இரண்டு வைத்திருந்தான். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது தெரியாது.

நாய்க்காரிக்கு இடம் காட்டக் கீழே றோட்டுக்குப் போக வேண்டியிருந்தது. "மாமா, இந்தக் குத்தியை விட்டு எழும்பாதேங்கோ" என்று சொல்லிவிட்டு ஜெயன் போனான்.

இருந்தேன். தேநீர் குடித்தேன். சப்பாத்து நாடாவை அவிழ்த்துக் கட்டினேன். மேற்கே முகில் கறுத்துக்கொண்டு வந்தது. வயிற்றில் குண்டோடு ஒரு மிருகம் கூப்பிடு தூரத்தில் கிடக்கிறது, நான் பிளாஸ்கின் மூடியைத் திருகிக்கொண்டிருக்கிறேன். செத்துவிட்டதா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்று இருந்தது. எழும்பிவிட்டேன்.

மான் போன பக்கம் போகவில்லை, அவ்வளவு புத்தி இருந்தது. ஓரமாகச் சுற்றிப் போய், பக்கவாட்டில் காட்டுக்குள் இறங்கி, காது கொடுத்துக் கேட்டேன். ஒரு சின்ன ஓடையின் சத்தம் மட்டும்தான். ஓடை வரை போய்விட்டுத் திரும்பினேன். சின்ன வயதில் ஊரில், மடுப் பக்கக் காட்டில் விறகுக்குத் திரிந்த கை இது. தெரியாத காட்டுக்குள் கால் வைத்தால் கை தன்பாட்டில் கொப்பை முறித்து, வந்த வழியைக் காட்டும்படி நிலத்தில் போடும். திரும்பி வரும்போது வழி தவறாது. அன்றும் அப்படியே போட்டுக்கொண்டு போனேன், அதைப் பார்த்துக்கொண்டே வந்து குத்தியில் உட்கார்ந்தேன். எழும்பினதைப் பற்றி யாருக்கும் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன்.

நாய்க்காரியின் பெயர் றெகூலா. ஐம்பது வயதிருக்கும். சிவந்த நிறத்தில் காது தொங்கும் நாய், பத்து மீட்டர் வார். ஹோட்டலில் கோப்பை கழுவிய காலத்து ஜெர்மன் எனக்கு உண்டு, அதனால் அவர் சொன்னதை நம் பேச்சில் சொல்கிறேன். என்னைப் பார்த்து, "தாத்தா இங்கேயே இருக்கட்டும்" என்றார். நாய் புல்வெளியில் மணந்து மோப்பம் பிடித்து, மூக்கை நிலத்தில் ஒட்டியபடி காட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனது. பின்னால் றெகூலா, அவருக்குப் பின்னால் ஜெயன்.

சத்தமில்லாமல் நேரம் போனது. பத்தரை தாண்டிவிட்டது. பிறகு எனக்குப் பக்கத்திலேயே சருகு நொறுங்கிற சத்தம். மான்தான் வருகிறது என்று நான் மூச்சை அடக்கிக்கொண்டிருக்க, மரங்களுக்கு நடுவிலிருந்து நாய் வெளியே வந்தது. நேரே வந்து என் சப்பாத்தை மணந்தது. பிறகு பிளாஸ்கை மணந்தது. பின்னால் வந்த றெகூலா நாயைப் பார்த்தார், குத்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் கையில் ஒரு கொப்பு இருந்தது.

"ஜெயன், இது நீ வைத்ததா?"

"நான் உள்ளுக்கு ரெண்டு வைச்சனான். ஓடைக்குக் கிட்ட ஒண்டு... அப்ப இருந்த பதட்டத்திலை வடிவா ஞாபகமில்லை."

"ஓடையிலிருந்து இங்கே வரை வரிசையாகக் கிடக்கிறது. எல்லாம் இந்தக் குத்தியைக் காட்டுகிறது. உன் மான் வந்து இங்கே உட்கார்ந்து தேநீர் குடித்ததா?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. "அது என்ரை" என்றேன்.

ஜெயன் கண்ணை மூடிக்கொண்டான். "மாமா. நான் உங்களுக்கு என்ன சொன்னனான்?"

"எழும்பாதேங்கோ எண்டு."

"நீங்கள்?"

"எழும்பிட்டன்."

றெகூலா என்னைத் திட்டுவார் என்று பார்த்தேன். அவர் நாயின் காதைத் தடவினார். "இவள் இந்தப் பக்கம் வர மாட்டேன் என்று நின்றாள். நான்தான் கொப்பை நம்பி இழுத்தேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "மானைக் கிளப்பினாயா?" என்று கேட்டார்.

"இல்லை. ஒரு சத்தமும் கேட்கவில்லை."

"எங்கே எங்கே முறித்தாய் என்று தெரியுமா?"

"ஒவ்வொன்றும் தெரியும்."

"அப்படியென்றால் போய் எல்லாவற்றையும் பொறுக்கு. ஒன்றுகூடக் கிடக்கக் கூடாது. உன்னுடையது போனால் இவனுடையது மிஞ்சும்."

முகில் தலைக்கு மேலே வந்துவிட்டது. நான் முன்னால் போய்ப் பொறுக்கினேன். பிளந்த மரத்தடியில் ஒன்று, எறும்புப் புற்றுக்குப் பக்கத்தில் ஒன்று, பாசி பிடித்த கல்லில் ஒன்று. அவர்கள் பின்னால் வந்து ஓடைக்கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கரையில் கிடந்ததை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, அங்கே இன்னொரு கொப்பு கிடந்தது. அதை நான் போடவில்லை. அதன் முனை தண்ணீருக்கு அந்தப் பக்கம் காட்டியது.

"இது என்ரை இல்லை" என்றேன்.

நாய் அந்த இடத்தில் மூக்கை வைத்தது. மறுகணம் வார் இறுகியது. ஓடையைக் கடந்து, மேலே செங்குத்தான காட்டுக்குள் நாயோடு அவர்கள் இருவரும் மறைந்துபோனார்கள். அந்த முறை நான் நிற்கிற இடத்திலேயே நின்றேன்.

முதல் துளி என் கையில் விழுந்தது. பிறகு இலைகளில் சடசடவென்று தொடங்கியது. வாடை கழுவப்பட்டுப் போகிறதே என்று எனக்குக் கால் மேலே ஏறப் பார்த்தது. கொப்புகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது மேலே நாய் குரைத்தது. ஓடி ஓடிக் குரைக்கவில்லை, ஒரே இடத்தில் நின்று, விடாமல் குரைத்தது. பிறகு ஒரு வெடி. பிறகு மழை மட்டும்.

போன் அடித்தது. "மாமா, ஏறி வாங்கோ. மெல்ல வாங்கோ, வழுக்கும்." அவன் குரலில் அழுகை இருந்தது.

மான் ஒரு பாறைக்குக் கீழே படுத்திருந்தது. நாய் அதை மறித்து நிறுத்த, ஜெயன் பக்கத்தில் போய் முடித்திருக்கிறான். இப்போது துவக்கைத் தூரத்தில் சாத்திவிட்டு, மானின் கழுத்தில் கை வைத்து முழங்காலில் இருந்தான். நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

செத்த மிருகத்தின் வாயில் ஒரு பச்சைக் கொப்பு வைப்பதும் இவர்கள் வழக்கம், கடைசிக் கவளம் என்று. றெகூலா சுற்றிப் பார்த்தார். பிறகு என் அக்குளில் இருந்த கொப்புக் கட்டைப் பார்த்துக் கையை நீட்டினார். எங்கே எறிவது என்று தெரியாமல் நான் அதை மலை ஏற்றிக் கொண்டுவந்திருந்தேன்.

"கொண்டுவா. இதில் ஒன்றாவது சரியான இடத்துக்குப் போகட்டும்."

ஒன்றை எடுத்து, மழைத்தண்ணீரை உதறிவிட்டு, மானின் வாயில் வைத்தார். ஜெயன் அழுதுகொண்டே சிரித்துவிட்டான்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். உங்களுக்குத் தெரிந்த, அனுமதி உள்ள ஒருவரோடு மட்டும் போங்கள். அவருடைய குழுவுக்கு முதலே சொல்லி வையுங்கள். கணுக்காலை மூடுகிற சப்பாத்து, மழைச்சட்டை, செம்மஞ்சள் மேற்சட்டை, சூடான ஏதாவது குடிக்க. இறங்கும்போது ஒரு ஆள் மானை இழுக்க வேண்டிவரும், எங்களுக்கு அது இரண்டு மணித்தியாலம் பிடித்தது, அதனால் திரும்பும் ரயிலுக்கு நேரம் குறிக்க வேண்டாம். சுட்டதும் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான், அதில் பெரும்பகுதி சும்மா இருப்பது. என்னைப் போல இருப்புக் கொள்ளாத ஆளென்றால், கைக்குள் வைத்திருக்க ஒரு செபமாலை கொண்டுபோங்கள். நான் என்னுடையதை மற்ற ஜாக்கெட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தேன்.

ஜெயன் துவக்கைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இந்த வருடமும் என்னைக் கூப்பிட்டிருக்கிறான். கால் எங்கே வேண்டுமானாலும் போகலாமாம். கை இரண்டும் பொக்கற்றுக்குள் இருக்க வேண்டுமாம்.